வசந்த காலத் தூண்டில் பயணம் எங்கே பிசகுகிறது: அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்கும் மீன்பிடிப் பாலங்களுக்கும் ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஏப்ரல் பிறந்ததும் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில, யு.எஸ். 64 நெடுஞ்சாலையைப் பிடித்துச் சுமார் மூன்றரை மணி நேரம் கிழக்கே ஓட்டி, நார்த் கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்குத் தூண்டிலோடு போய், காலி ஐஸ் பெட்டியோடு திரும்புகின்றன. திரும்பியதும் கேட்கப்படும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அவையேதான். ஆகவே அவற்றை அறிகுறிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிக்கதைக் கடைசியிலும் வைத்து எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். வசந்த காலப் பயணம் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் ராடிலோ ரீலிலோ இருப்பதில்லை. கடல்நீரின் வெப்பநிலையையும் காற்றின் திசையையும் பார்க்காமல் விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பதில் இருக்கிறது. புதிய ராட் வாங்கும் யோசனையை எந்த அறிகுறிக்கும் கடைசித் தீர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: தேதி குறித்தாயிற்று, மீன் வந்துவிட்டதா என்று தெரியவில்லை

முதலில் பார்க்க வேண்டியது நீரின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலை அன்று. ராலேயில் சட்டைக்கு மேல் ஒன்றும் போடாமல் நடக்கும் நாளில்கூட அவுட்டர் பேங்க்ஸின் வடபகுதி ஊரான நாக்ஸ் ஹெட்டில் கடல், கால் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்திருக்கலாம். வடக்குப் பகுதிக்கு டக் ஊரின் ஆராய்ச்சிப் பாலத்தில் (பாலம் என்று இங்கே சொல்வது கடலுக்குள் நீளும் பியரை) உள்ள அளவை நிலையத்தையும், தெற்கே ஹேட்டரஸ் தீவுப் பக்கத்துக்கு அங்குள்ள தூண்டில் கடைகளின் அன்றாடக் குறிப்பையும் பாருங்கள். ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் டயமண்ட் ஷோல்ஸ் பகுதியில் மிதக்கும் 41025 எண் மிதவை காட்டும் வெப்பநிலையை நம்பித் தேதி குறிக்காதீர்கள். அது கரையைவிட்டு வெகு தூரத்தில், வெதுவெதுப்பான கல்ஃப் நீரோட்டத்துக்கு அருகில் இருப்பதால் கரையோர நீரைவிட மிகவும் கூடுதலாகக் காட்டும். காற்றுக்கும் அலைக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுற்றி இருந்தால்: பயணத்தைத் தள்ளி வைப்பதே செலவில்லாத தீர்வு. தள்ள முடியாதென்றால் வடக்குக் கடற்கரைகளை விட்டுவிட்டு, தெற்கு நோக்கிய ஃபிரிஸ்கோ, ஹேட்டரஸ் கடற்கரைகளுக்குப் போங்கள். கேப் பாயிண்ட் முனைக்கு இருபுறமும் நீர் ஒரே நாளில் பல டிகிரி வேறுபடுவது அங்கு வழக்கம்.

நீர் 55 முதல் 62 வரை இருந்தால்: புறப்படலாம். சீ மல்லட் என்று அங்குள்ளோர் சொல்லும் மீன் (நம் கத்தாளை இனத்தைச் சேர்ந்தது, மடவைக்கு உறவில்லை) கரையை ஒட்டி வரத் தொடங்கியிருக்கும். பேத்தையும் முதல் ப்ளூஃபிஷ் கூட்டங்களும் உடன் வரும். பக்ஸ்டன் அருகே கேப் பாயிண்ட்டில் பெரிய ரெட் டிரம் மீனுக்காகத் தோளோடு தோள் நின்று வீசும் கூட்டத்தையும் இந்த நாட்களில்தான் காணலாம். பொதுவாக ஹேட்டரஸ் தீவில் முதலிலும் நாக்ஸ் ஹெட்டில் அதற்குப் பிறகும் பருவம் தொடங்கும்.

நீர் 65-ஐத் தாண்டிவிட்டால்: மே மாதம் நெருங்கிவிட்டது என்று பொருள். வஞ்சிரத்தின் உறவான ஸ்பானிஷ் மெக்கரல், தெளிந்த நீருள்ள விடியற்காலைகளில் பாலத்தருகே வரும். அதற்கு இரை வேண்டாம். காட்சா என்னும் சிறு உலோகக்குழல் பொய் இரையைப் பாலத்தின் நடுப்பகுதியிலிருந்து வீசி, ராட் நுனியை வெடுக்கென்று சுண்டிச் சுண்டி இழுத்தால் போதும்.

அடுத்தது காற்று. வடகிழக்குக் காற்று மணிக்கு 15 கடல்மைலுக்கு மேல் ஓரிரு நாள் வீசினால் கடல் கலங்கும், அலை உயரும், வடக்கின் குளிர்ந்த நீர் கரையோரமாக இறங்கும். தென்மேற்குக் காற்று பல நாள் விடாமல் வீசினாலோ, டக் முதல் நாக்ஸ் ஹெட் வரை மேல்நீர் கரையைவிட்டு விலகி, அடியிலிருந்து கண்ணாடி போன்ற குளிர்நீர் மேலே வரும். பார்க்க அழகான கடல் அது. சீ மல்லட் பிடிக்க வந்தவருக்கு அதில் வேலையில்லை. தேசிய வானிலைச் சேவையின் கரையோரக் கடல் முன்னறிவிப்பை மூன்று நாள் முன்னதாகப் பார்க்கத் தொடங்கி, காற்று திரும்பும் நாளையும் அதற்கு மறுநாளையும் குறி வையுங்கள். அதே பக்கத்தில் இழுவை நீரோட்ட அபாய அளவும் இருக்கும். குழந்தைகளை அழைத்துச் செல்வதானால் அதைப் படிக்காமல் புறப்படக் கூடாது.

எப்போது தெரிந்தவரைக் கேட்பது: புறப்படுவதற்கு முந்தைய மாலை அங்குள்ள தூண்டில் கடைக்கோ பால அலுவலகத்துக்கோ தொலைபேசியில் பேசுங்கள். "மீன் கிடைக்கிறதா" என்று கேட்டால் "கிடைக்கிறது" என்றுதான் பதில் வரும். நேற்று எந்த நேரத்தில், எந்தப் பக்கக் கடற்கரையில், எந்த இரைக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். பெரிய டிரம் மட்டுமே இலக்கு என்றால் கரைமீன்பிடி வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்துவது, இரண்டு வார இறுதிகளின் பெட்ரோலையும் அறை வாடகையையும்விடச் சிக்கனமாக முடியலாம்.

அறிகுறி 2: பாலத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கொத்துகிறது, உங்களுக்கு இல்லை

ராட் நல்லதில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நாக்ஸ் ஹெட்டில் உள்ள ஜெனெட்ஸ் பாலம் 1,000 அடி நீளம். 2003-இல் இசபெல் புயலில் சிதைந்த பழைய மரப்பாலத்தின் இடத்தில் கான்கிரீட்டில் கட்டப்பட்டு 2011-இல் திறக்கப்பட்டது. முதன்முறை வருபவர் எல்லாரும், கட்டணம் கொடுத்தாயிற்று என்று நேராக அதன் முனைக்கு நடந்துவிடுகிறார்கள். வசந்த காலத்தில் சீ மல்லட் முனையில் நிற்பதில்லை. அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் மேயும். வெண்ணுரை முடிந்து நீர் சற்றுக் கருத்துத் தெரியும் கோடு எங்கே இருக்கிறது என்று பாலத்தின் மேலிருந்து பார்த்து, அதற்கு நேராக நின்று, வீசாமல் வெறுமனே கீழே இறக்குங்கள்.

இடம் சரியென்றால் இரையைப் பாருங்கள். உறைந்த இறால் உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருகியிருந்தால் அது முள்ளில் நிற்கும், மணக்காது. சமைக்க வாங்கும் தரத்தில் உள்ள பச்சை இறாலை ஓடு நீக்கி, சுண்டு விரல் நகத்தளவு நறுக்கிக் கோருங்கள். ப்ளட்வோர்ம் புழு விலை அதிகம். அதன் மணமேற்றிய ஃபிஷ்பைட்ஸ் பட்டையைச் சிறு துண்டாக இறாலோடு சேர்த்துக் கோத்தால் இறால் போன பிறகும் பட்டை முள்ளில் நிற்கும்.

இரையும் சரியென்றால் முள்ளின் அளவு. சீ மல்லட்டின் வாய் சிறியது, கீழ்நோக்கியது. 4 அல்லது 6 எண் முள் போதும். கடையில் தயாராகக் கட்டித் தொங்கும் இரட்டை முள் கோவைகளில் பல, 1/0-க்கு மேற்பட்ட பெரிய முள்ளும் பளபளக்கும் மணியுமாக இருக்கும். அவை மீனைவிட மனிதரைப் பிடிக்கவே நன்றாக உதவுகின்றன.

இதற்கும் மேல் கொத்தவில்லை என்றால் ஓதத்தைப் பாருங்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றத்தின் முதல் மணி நேரமும் பொதுவாக நல்லவை. நீர் நின்றுபோன நேரத்தில் இடம் மாற்றி அலைவதைவிடச் சாப்பிட்டு முடிப்பது நல்லது.

உரிமம் பற்றிய சந்தேகம் இங்குதான் எழும். பதினாறு வயது நிறைந்த எவரும் நார்த் கரோலினாக் கடலில் தூண்டில் போடக் கடல் மீன்பிடி உரிமம் எடுத்திருக்க வேண்டும். ஜெனெட்ஸ் போன்ற கட்டணப் பாலங்கள் மொத்த உரிமம் வைத்திருப்பதால் பாலச்சீட்டிலேயே அது அடங்கிவிடும். கடற்கரையில் அப்படியில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் கையில் ஆசைக்கு ராடைக் கொடுத்தாலும் அவருக்கும் வெளியூரார் உரிமம் தேவை. பத்து நாள் உரிமத்தை இணையத்திலேயே வாங்கலாம்.

அறிகுறி 3: கொத்துவது தெரிகிறது, இரை போகிறது, மீன் ஏறவில்லை

ராட் நுனியைக் கவனியுங்கள். டக் டக்கென்று வேகமாக இரண்டு தட்டு தட்டி நின்றால் சீ மல்லட். படபடவென்று விடாமல் நடுங்கினால் பேத்தையோ சிறு மீன்களோ கொறிக்கின்றன. நுனி அசையாமல் இரை மட்டும் மறைந்தால் நண்டு.

தட்டு தெரிந்தும் ஏறாவிட்டால் இரைத் துண்டு பெரிதாக இருக்கிறது. முள் நுனி இறாலுக்குள் புதைந்திருந்தாலும் இதே விளைவுதான். நுனி வெளியே தெரிய வேண்டும். பிறகு முள்ளை நகத்தின் மேல் வைத்து இலேசாக இழுத்துப் பாருங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர்மை போதும், வழுக்கினால் மாற்றுங்கள். நண்டு என்றால் இரண்டடி தள்ளிப் போட்டுப் பயனில்லை. முள்ளுக்கு மேலே சிறிய நுரைமிதவை கோத்து இரையைத் தரையிலிருந்து சற்று உயர்த்துங்கள், அல்லது இருபது முப்பது தப்படி நகர்ந்துவிடுங்கள்.

நரம்பு (தூண்டில் நூல்) கத்தியால் வெட்டியதுபோல் துண்டாகி வந்தால் அது ப்ளூஃபிஷ். அதன் பல் நைலானை ஒரே கடியில் அறுக்கும். தடித்த நைலான் முன்னரம்போ (நரம்பின் முனையில் சேர்த்துக் கட்டும் வலுவான துண்டு) குட்டையான கம்பியோ கட்டி, இரையை மீன் துண்டாக மாற்றுங்கள். முள்ளைக் கழற்ற விரலை வாய்க்குள் விடாமல் நீண்ட மூக்குக் குறடு வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தையைப் பற்றி ஒரு சொல். அங்கு அதைத் தோலுரித்து வாலிறைச்சியை வறுத்து உண்பவர்கள் இருக்கிறார்கள். வகை பிரித்தறிந்து சுத்தம் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதவரை, நம் ஊரில் செய்வதுபோலவே அதைக் கடலில் விட்டுவிடுவதுதான் சரி.

அறிகுறி 4: கடற்கரையில் ஈயக் குண்டு நிற்கவில்லை, வீசிய ஐந்து நிமிடத்தில் தூண்டில் கரைக்கு வந்துவிடுகிறது

வசந்த காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் புகார் இதுதான். மிகுதியாகப் பணம் வீணாவதும் இதில்தான், ஏனெனில் எல்லாரும் உடனே கனமான ஈயமும் அதை வீச நீண்ட ராடும் வாங்கிவிடுகிறார்கள். கீழ்க்கண்ட வரிசையில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈயத்தின் வடிவம். உருண்டையோ முட்டை வடிவமோ மணலில் உருளும். பிரமிட் வடிவம் வேண்டும். அமைதியான நாளில் 3 அவுன்ஸ், சாதாரண நாளில் 4 அல்லது 5.

ராட் நிற்கும் கோணம். ராடைத் தாழ்வாகச் சாய்த்து வைத்தால் நரம்பில் பாதி முதல் அலைக்குள் கிடக்கும். ஒவ்வோர் அலையும் அதை இழுத்து ஈயத்தைப் பெயர்க்கும். ராடைத் தாங்கும் குழாயை மணலில் ஆழமாக ஊன்றி, ராட் நுனி உயர நிற்கும்படி வையுங்கள். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து ஒரு முறை வீசிப் பாருங்கள். பல நாட்களில் புகார் இங்கேயே முடிந்துவிடும்.

வீசும் திசை. நீரோட்டம் கரைக்கு இணையாக இடமிருந்து வலமாக ஓடினால், நேராக வீசிய ஈயம் வலப்பக்கம் உருண்டுகொண்டே வரும். நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வீசி, ஈயம் தரை தொட்டபின் நரம்பைக் கொஞ்சம் தளரவிட்டு, அது மணலில் பதிந்தபின் மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள்.

நரம்பின் தடிமன். 30 பவுண்டு நைலான் நரம்பில் நீர் பிடிக்கும் அளவு 15 பவுண்டு நரம்பில் பிடிக்காது. பின்னல் நரம்பு அதைவிட மெல்லியது. பழைய தடித்த நரம்பை மாற்றுவது புதிய ராடைவிட மலிவு.

இடம். இதற்குக் காசு வேண்டாம், கால்தான் வேண்டும். வற்றம் இறங்கிய நேரத்தில் மணல்மேட்டின் மேல் ஏறி நின்று பாருங்கள். அலை ஒரே கோடாக உடைந்துகொண்டே வரும் வழியில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல் உள்ளே வந்தால் அங்கே மணல்திட்டில் ஒரு வாய் இருக்கிறது. அதன் உள்பக்கத்தில் கரையோரப் பள்ளம் இருக்கும். மீன் நடமாடும் வழி அது. வாய்க்கு நடுவே நீர் வெளியே இழுக்கும் என்பதால் ஈயம் நிற்காது, ஓரத்தில் போடுங்கள். சீ மல்லட்டுக்கு இருபது முப்பது கெஜமே போதும். அவ்வளவு அருகில் மீன் மேயும்போது, முழங்கால் நீரில் இறங்கி நின்று நூறு கெஜம் வீசுபவர் மீனைத் தாண்டி வீசிக்கொண்டிருக்கிறார். அலை பின்வாங்கும் ஈரமணலில் கட்டைவிரலளவு நண்டுப்பூச்சிகள், அங்குள்ளோர் சேண்ட் ஃப்ளீ என்பவை, சட்டென்று புதைந்து சிறு குழி விட்டுப் போவதைக் கண்டால் அந்த இடத்தை விடாதீர்கள். இரையும் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர்ந்தால் கம்பிக் கால்கள் வைத்த ஸ்புட்னிக் ஈயம் வாங்கலாம். 6 அவுன்ஸ் ஈயமும் நிற்காத நாளில் கடலோடு மல்லுக்கு நிற்காமல், காற்று மறைவான உள்கழிப் பக்கம் போய்விடுங்கள். நாக்ஸ் ஹெட்டுக்கும் மேன்டியோவுக்கும் இடைப்பட்ட கரைச்சாலையில் லிட்டில் பிரிட்ஜ் என்னும் சிறு பாலமும், ஆரிகன் இன்லெட்டில் இடிக்காமல் விட்டுவைத்த பழைய பான்னர் பாலத்துண்டும் அதற்கேற்றவை. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, ஆகவே உரிமம் கையில் இருக்க வேண்டும்.

நரம்பெங்கும் பாசி சுற்றிக்கொண்டு வந்தால் அதற்கு உபகரணத்தில் மருந்தில்லை. சில மைல் தள்ளிப் போய்ப் பார்க்கலாம். அங்கும் பாசி என்றால் அன்றைக்குப் பாலமே.

அறிகுறி 5: திருக்கையும் நாய்ச்சுறாவுமே மாட்டுகின்றன

குளிர்நீரின் அடையாளம் இது. முதலில் இரையைச் சுருக்குங்கள்: மீன் துண்டை எடுத்துவிட்டு இறாலும் புழுவும் மட்டும் போடுங்கள். அடுத்து அருகில் போடுங்கள். அப்படியும் அவையே வந்தால் அறிகுறி 1-க்குத் திரும்பி வெப்பநிலையைப் பாருங்கள்.

பெரிய டிரம் மீனுக்காக மீன் தலையைப் போட்டுக் காத்திருப்பவருக்கு இது தவிர்க்க முடியாத தண்டம். அவர்கள் 8 அவுன்ஸ் ஈயத்தோடு இரையை இரவெல்லாம் வீசுவதும், இரவெல்லாம் திருக்கையைக் கழற்றி விடுவதும் அங்கே சாதாரணம். உலகச் சாதனையாகப் பதிவான 94 பவுண்டு 2 அவுன்ஸ் ரெட் டிரம் 1984 நவம்பரில் இதே ஹேட்டரஸ் தீவின் ஏவன் ஊரில் பிடிபட்டது என்பதுதான் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படும் ரெட் டிரம் 18 முதல் 27 அங்குலம் வரை உள்ள ஒரே ஒரு மீன்தான். 27-க்கு மேற்பட்டது எவ்வளவு ஆசை காட்டினாலும் கடலுக்கே. 2025 டிசம்பர் 1 முதல், எடுத்துச் செல்லும் ரெட் டிரம்மை மாநில மீன்வளத் துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். மற்ற மீன்களின் எண்ணிக்கை வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் புறப்படும் வாரத்தில் அத்துறையின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 6: வீசும்போது நரம்பு அறுந்து ஈயம் பறக்கிறது

இது மீன் போகும் பிரச்சினை மட்டுமன்று. அறுந்து பறக்கும் 5 அவுன்ஸ் ஈயம் ஓர் ஆளைச் சாய்த்துவிடும். ஒருமுறை அறுந்தால், காரணம் தெரியும்வரை அடுத்த வீச்சு வேண்டாம்.

முன்னரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு வலிமை என்பது பொதுக்கணக்கு. 5 அவுன்ஸ் வீச 50 பவுண்டு முன்னரம்பு வேண்டும். அது ரீலில் சில சுற்றுச் சுற்றிய பிறகும் ராட் நீளத்துக்கு மேல் வெளியே நிற்க வேண்டும்.

முன்னரம்பு இருந்தும் அறுந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு வழுகியிருக்கிறது. எச்சிலில் நனைத்து மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். முனை மழுங்கி மயிர் மயிராக இருந்தால் எங்கோ உரசுகிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றுங்கள். பீங்கான் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அங்கே ஓர் இழை பஞ்சு சிக்கி நிற்கும். முனை வெட்டுப்பட்டதுபோல் நேராக இருந்து, அறுந்தது வீசும் கணத்திலேயே என்றால், ரீலின் வளைகம்பி வீசும்போது தானாக மூடிக்கொண்டிருக்கிறது. அதன் சுருள்வில்லில் குறை.

ரீலிலிருந்து நரம்பு கொத்தாகப் பாய்ந்து சிக்கினால் சுருளில் நரம்பு விளிம்புவரை நிரம்பியிருக்கிறது, அல்லது தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது. விளிம்புக்குக் கீழே ஒரு நூல் இடம்விட்டு, ஈரத் துணியால் பிடித்து இறுக்கிச் சுற்றுங்கள். வளைகம்பியைக் கைப்பிடியைச் சுழற்றி மூடாமல் கையால் மூடப் பழகினால் பாதிச் சிக்கு குறையும்.

உடைந்த வளையத்தை மாற்றுவது ராட் பழுதுபார்ப்பவர் வேலை. பசை போட்டு ஒட்டிக்கொண்டு வீசக் கூடாது. ராடில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் பழுது பார்ப்பதிலும் பொருளில்லை. தலைக்கு மேல் வீசுவதற்குப் பல பாலங்களில் அனுமதி கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி 7: ரீல் கரகரக்கிறது, அல்லது மீன் இழுக்கும்போது நரம்பு பிடியில்லாமல் ஓடுகிறது

ஈயம் இல்லாமல் வெறுமனே சுற்றிப் பாருங்கள். வெறுமையாகச் சுற்றும்போதே கரகரத்தால் மணல் புகுந்திருக்கிறது. சுமை ஏறும்போது மட்டும் கரகரத்தால் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. கீச்சென்று கத்தினால் நரம்பு திரும்பும் சிறு உருளை உப்பேறி நின்றுவிட்டது. ஒரு சொட்டு எண்ணெயில் அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிடியில்லாமல் ஓடினால், இறுக்குத் திருகைத் திருகிக்கொண்டே போவதற்கு முன் சுருளைக் கவனியுங்கள். சுருள் நிற்க, அதன் மேல் உள்ள பின்னல் நரம்பு முழுவதும் மோதிரம்போல் சுழன்றால் குறை ரீலில் இல்லை. அடியில் நைலான் நரம்பு சில சுற்றுச் சுற்றாமல் வழவழத்த உலோகத்தின் மேலேயே பின்னலைச் சுற்றிவிட்டார்கள்.

மணல் புகுந்த ரீலை வேகமான குழாய் நீரில் கழுவினால் மணல் இன்னும் உள்ளே போகும். இறுக்குத் திருகை முழுதும் இறுக்கி, மெல்லிய தூவலில் நனைத்து, துடைத்துக் காயவைத்து, பிறகு திருகைத் தளர்த்தி வையுங்கள். அதற்குப் பிறகும் கரகரத்தாலோ, கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றாலோ பிரிக்க முயலாமல் பழுது கடையில் கொடுங்கள். சாதாரண ரீல் என்றால் கூலியை முதலில் கேளுங்கள். புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி 8: வண்டி மணலில் புதைகிறது

ஹேட்டரஸ் தேசியக் கடற்கரையில் வண்டி இறக்கத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். அதோடு மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகை, குறைந்த அழுத்தம் காட்டும் டயர் அளவி ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. வாடகை வண்டியை மணலில் இறக்க ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பறவைகள் கூடு கட்டும் பருவம் என்பதால் கேப் பாயிண்ட் உள்ளிட்ட பகுதிகள் முன்தினம் திறந்திருந்து மறுநாள் மூடப்படலாம். மே 1 முதல் இரவு 9 மணிக்குப் பின் மணலில் வண்டி ஓட்டவும் தடை உண்டு. பூங்கா நிர்வாகத்தின் வரைபடத்தைக் காலையில் பார்த்துவிட்டு இறங்குங்கள். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டுவதற்கு எந்த மீனும் காரணமாகாது.

புதைந்தவுடன் செய்ய வேண்டியது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. சக்கரம் சுழலச் சுழல வண்டி அச்சுவரை இறங்கும். டயர் அழுத்தத்தைப் பாருங்கள்: சாலையில் 35 இருப்பது மணலில் 20 பி.எஸ்.ஐ. ஆக வேண்டும். இருபதில் புதைந்திருந்தால் பதினைந்துக்கு இறக்குங்கள். ஆட்களையும் ஐஸ் பெட்டியையும் இறக்கிவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

அச்சு மணலைத் தொட்டுவிட்டாலோ, ஓதம் ஏறிக்கொண்டிருந்தாலோ முயற்சியைத் தொடராமல் கடற்கரை இழுவை வண்டியை அழைத்துவிடுங்கள். வழக்கமான சாலை உதவிச் சந்தாவில் மணல் பெரும்பாலும் அடங்காது. சில நூறு டாலர் ஆகலாம் என்று தயங்கி நிற்கும் நேரத்தில் உப்புநீர் கதவுக்கு வந்துவிடும். மீண்ட பிறகு நெடுஞ்சாலை ஏறும்முன் காற்றடிக்க மறக்காதீர்கள்.

அறிகுறி 9: வீடு வந்து திறந்தால் மீன் குழைந்திருக்கிறது

ஐஸ் பற்றாமல் போயிருக்கும். மீனைப் போல இரு மடங்கு ஐஸ் வேண்டும். ஐஸின் மேல் மீனை அடுக்காமல் ஐஸுக்குள் புதைத்து, ஒரு குவளை கடல்நீர் ஊற்றிக் கூழாக்கினால் சீக்கிரம் குளிரும். பிடித்த மீனை நரம்பில் கோத்து வெயில்படும் ஆழமற்ற நீரில் மதியம்வரை கட்டிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ப்ளூஃபிஷ் தனிக் கவனம் கேட்கும். பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு ஐஸில் போட வேண்டும். அப்படிச் செய்த மீனின் கருத்த சதை புளி கூட்டிய குழம்புக்கு நன்றாக நிற்கும். செய்யாதது எண்ணெய் வாடையடிக்கும். சீ மல்லட் வெள்ளைச் சதை, வறுவலுக்குரியது. பெட்டியில் இடமில்லை என்பதற்காக அளவுக் கட்டுப்பாடு உள்ள மீன்களைக் கரையிலேயே துண்டு போடக் கூடாது. தூண்டில் போடும் இடத்தில் தலையும் வாலும் உடலோடு இருக்க வேண்டும்.

ப்ளூஃபிஷ் சில மணி நேரம் வெப்பத்தில் கிடந்திருந்தால் வாடை இல்லையென்றாலும் சமைக்காதீர்கள். அதில் உண்டாகும் ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. உண்ட சில நிமிடம் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் நாக்கில் மிளகு பட்டதுபோன்ற எரிச்சலும், முகம் சிவந்து சூடேறுவதும், தடிப்பும் தலைவலியும் கண்டால் மருத்துவரையோ நச்சு உதவி மையத்தையோ தொலைபேசியில் அழையுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ சேர்ந்தால் 911. மிச்சமிருக்கும் குழம்பைக் கொட்டிவிடாமல் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். எந்த மீன், எப்போது பிடித்தது, எவ்வளவு நேரம் ஐஸில்லாமல் இருந்தது என்று மருத்துவர் கேட்பார்.